இராமநாதனும் எங்களது வாக்குச்சீட்டும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் இறந்தது 1930 நவம்பரில். ஆனால் எம்மவரின் பேச்சிலும் விழா மலர்களிலும் அவரது கதை அநேகமாக 1915 கலவரத்தோடு நின்றுவிடுகின்றது. சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக அவர் இலண்டன்வரை சென்று வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்தனர். இந்தக் காட்சிக்குப் பின்னான பதினைந்து ஆண்டுகளை நாம் ஏன் வாசிப்பதில்லை?

மு. வைத்திலிங்கம் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு 1971இலும் 1977இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் அது ஒரு பக்தரின் நூல். ஒரு தலைவரின் பிற்காலத்தை எடைபோடுவதற்குப் பக்தி போதுமானதல்ல.

இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். அதே மனிதர், 1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார். வேளாளர் அல்லாதோருக்கு வாக்களிப்பது கும்பல் ஆட்சிக்கு வழிவகுக்கும், இந்து வாழ்க்கை முறைக்கும் ஒவ்வாதது என்றார். அப்போது இலங்கையில் நூற்றுக்கு 4 பேரளவில்தான் வாக்காளர்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். இலங்கைத் தேசிய காங்கிரசின் சிங்களப் பிரமுகர்களும் சர்வசன வாக்குரிமையைக் கேட்கவில்லை, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்க இயக்கமே அதைக் கேட்டது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தால் தமிழர் நிரந்தரச் சிறுபான்மையாவர் என்ற இராமநாதனின் அச்சமும் வீண் அச்சமல்ல. 1936இன் தனிச் சிங்கள மந்திரிசபையும் 1956இன் மொழிச் சட்டமும் அதை மெய்ப்பித்தன. இதனைக் கொண்டே எம்மவர் அவரைத் தீர்க்கதரிசி என்கின்றனர். ஆனால் பெரும்பான்மையைப் பற்றிய அச்சமும் 'கீழ்' மக்களைப் பற்றிய அச்சமும் அவரிடம் பின்னிப் பிணைந்தே இருந்தன. முதலாவதை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவது வரலாறு ஆகாது.

அமெரிக்கரின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அவரும் பிற்காலத்தில் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1825இல் அது மாணவரைச் சேர்த்தது. தனது கல்லறையில் சுதந்திரப் பிரகடனம், மதச் சுதந்திரச் சட்டம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றை மட்டுமே பொறிக்கச் சொன்னார். ஜனாதிபதிப் பதவியைக் குறிப்பிடவில்லை. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அவர் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். அவர் இறந்த அடுத்த ஆண்டே, 1827இல், கடன் தீர்ப்பதற்காக அவர்களில் பலர் ஏலத்தில் விற்கப்பட்டனர். கல்லறை சொல்லாத இந்தக் கதையை இன்று மொன்டிசெலோவில் அவரது வீட்டைப் பார்க்கச் செல்வோருக்கு விளக்குகின்றனர். அதனால் அவர் நிறுவிய பல்கலைக்கழகம் இடிந்து விழவில்லை.

நோபல் பார்க்கில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1924 முதல் மத்திய தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாடு அவுஸ்திரேலியா. பிரஜையான என்னைப் போன்றவர் வாக்களிக்காவிட்டால் தண்டப்பணம் வரும். ஆனால் 2012, 2013இல் படகில் வந்து, மனு நிராகரிக்கப்பட்டு, இன்றும் இடைக்கால விசாவில் இருப்போர் எம்மிடையே உள்ளனர். வேலை செய்கின்றனர், வரி கட்டுகின்றனர், வாக்கில்லை. தம்மைப் பற்றிய முடிவுகளில் தமக்கு ஒரு சொல்லும் இல்லை என்பது என்னவென்று இவர்களுக்குத் தெரியும். 1928இல் இராமநாதன் தகுதியற்றோர் என்று ஒதுக்கியவர்களின் நிலையும் இதுவே. இன்று எமது ஆட்களுக்காகக் கேட்கும் உரிமையை அன்று எமது ஆட்களுக்கே மறுத்தவரைக் கேள்வியின்றி மேடையேற்றலாமா?

பரமேஸ்வராக் கல்லூரி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் இடமாயிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அவர் வாக்கு மறுத்த பெண்களின், ஒடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்துப் பட்டம் பெற்றனர். கல்விக்கூடம் அவருடைய கொடை. அதற்குள் நுழையும் உரிமையோ சட்டத்தாலும் போராட்டத்தாலும் வந்தது. இனி வரும் நினைவு மலர்களில் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவோம். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும், விவாதிப்போம்.