மண்டபம் வந்துவிட்டது, மேடை யாருக்கு?

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே, புல்லுக்குளத்தை ஒட்டி எழுந்து நிற்கிறது அந்தக் கலாசார மையம். 600 பேருக்கு மேல் அமரத்தக்க அரங்கு, இரண்டு தளங்களில் நூதனசாலை, 11 மாடிக் கற்றல் கோபுரம், மிதக்கும் மேடையாகவும் பயன்படத்தக்க பொதுச் சதுக்கம் என வசதிகள் ஏராளம். ஒரு கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட இந்திய நன்கொடையில் அமைந்தது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் இணையவழித் திறப்பு நடந்தது. 2023 பெப்ரவரியில் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது.

கட்டடம் அழகானது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கலை மண்டபம் ஒன்றை அதன் தூண்களையும் கதிரைகளையும் எண்ணி மதிப்பிட முடியாது. போருக்குப் பின் எழுந்த மண்டபம் இது. எனவே பேரழிவு ஒன்றுக்குப் பின் எழுந்த இன்னொரு மண்டபத்தை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஜப்பானில் கோபே நகரையும் அதன் அயல் ஊர்களையும் 1995 ஜனவரியில் பூகம்பம் அழித்தது. 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பத்து ஆண்டுகளின் பின், 2005 ஒக்டோபரில், அயல் நகரான நிஷினொமியாவில் ஹியோகோ நிகழ்த்துகலை மையம் திறக்கப்பட்டது. பெரிய மண்டபத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 ஆசனங்கள். நமக்கு அதில் முக்கியமானது ஆசனக் கணக்கல்ல. அந்த மையம் திறக்கப்பட்டபோதே அதற்கென இளம் கலைஞர்களைக் கொண்ட இசைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. யுத்தாக்கா சாதோ கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். மண்டபத்தோடு அதில் வாழப் போகிறவர்களையும் சேர்த்தே திட்டமிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தின் கதை மறுபுறமானது. இங்கே மண்டபம் பிந்தி வந்தது. கலைஞர்கள் முந்தியே இருந்தார்கள். திருமறைக் கலாமன்றம் 1965இல் தோன்றியது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985இல், போரின் நடுவே மேடையேறியது. வசதியான அரங்கு எதுவும் இல்லாமலே வளர்ந்த நாடக மரபு இது. அந்த மரபுக்கு இந்தப் புதிய அரங்கு ஒத்திகை பார்க்கும் இடமாகுமா? அல்லது விழாவுக்கு விழா வாடகைக்குத் திறந்து மூடும் மண்டபமாக முடியுமா? முதற் கேள்வி இதுதான்.

இரண்டாவது கேள்வி நம்மைச் சார்ந்தது. மையத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது சோனகத் தெரு. அசனாலெப்பைப் புலவர் பாடிய ஊர் இது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இந்த நகரின் முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதியினரே. யாழ்ப்பாணத்தின் வரலாற்றைச் சொல்ல ஒரு நூதனசாலையும், அதன் வாழ்வை நடித்துக்காட்ட ஒரு மேடையும் இருக்குமானால், இந்தத் தெருவும் இந்தத் திகதியும் அங்கே இடம்பெற்றாக வேண்டும். இது சலுகையன்று, வரலாற்றுக் கடன்.

2025 ஜனவரியில் இந்த மையத்துக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. பெயரிலிருந்து 'யாழ்ப்பாணம்' காணாமற்போனதைக் கண்டு ஊரார் வருந்தினர்; பின்னர் அச்சொல் மீண்டும் சேர்க்கப்பட்டது. அந்த வருத்தம் நியாயமானது. ஒரு பலகையிலிருந்து ஊரின் பெயர் நீங்கியபோதே இத்தனை நொந்தவர்களுக்கு, ஓர் ஊரிலிருந்தே ஒரு சமூகம் நீக்கப்பட்டால் எப்படி வலிக்கும் என்று விளங்காமலா போகும்?

அதேவேளை, அழைப்பு வரட்டும் என்று நாம் வாசலில் காத்திருப்பதும் முறையல்ல. பக்கீர் பைத்தும் கஸீதாவும் றபான் ஒலியும் நமது ஊர்களிலேயே அருகி வருகின்றன. ஆகுமா ஆகாதா என்ற தர்க்கத்திலேயே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. பாடல் வேண்டாமென்போர் பாடாதிருக்கட்டும். கவியரங்கும் நாடகமும் வாய்மொழி வரலாறும் நமக்குத் தடையல்லவே. வெளியேற்றத்தைக் கண்டவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர்களின் சொற்களைத் திரட்டி ஒரு நாடகப் பிரதியாக்க நம் எழுத்தாளர்கள் முன்வர வேண்டும். அதைத் தமிழ் நாடகக்காரர்களோடு கூடி அந்த அரங்கிலேயே மேடையேற்ற வேண்டும்.

மண்டபம் தந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அந்த 600 ஆசனங்களில் சோனகத் தெருவிலிருந்து வந்தவரும் நல்லூரிலிருந்து வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து 1990ஐ மேடையில் பார்க்கும் நாளில்தான் அதைக் கலாசார மையம் என்று மனமொப்பிச் சொல்ல முடியும்.