கேமராவும் கணினியும்: யூ.எஸ்.பி. இணைப்பில் ஒரு பரிசோதனை

டிஜிட்டல் கேமரா வாங்க நினைப்பவர்கள் லென்ஸின் தரத்தையும் சென்சாரின் நுட்பத்தையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆனால் எடுத்த படங்கள் கேமராவை விட்டு வெளியேறிக் கணினியில் பத்திரமாய்ச் சேருவதற்கு வழியாக இருக்கும் அந்தச் சிறிய யூ.எஸ்.பி. போர்ட்டைப் பற்றி, அது வேலை செய்ய மறுக்கும் தினம் வரையில், ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், குழந்தையின் ஆண்டு நிறைவு என்று மறுபடி வராத வைபவங்களின் படங்களைத் தாங்கியிருக்கும் கேமராவைக் கணினியோடு பிணைத்த பிறகும் திரையில் யாதொரு சலனமும் இல்லாவிட்டால் மனம் பதறுவது இயற்கை. ஆயினும் அந்தப் பதற்றத்தில் கைபோன போக்கில் செய்யப்படும் காரியங்களே, மூலக் கோளாறைக் காட்டிலும் அதிக நஷ்டத்தை உண்டாக்குகின்றன என்பதால், இணைப்பு எந்த நிலையில் அறுந்திருக்கிறது என்பதை அறிகுறிகளைக் கொண்டு நிதானமாக நிர்ணயிக்கும் முறையை விளக்குவதே இந்த விமர்சனத்தின் பிரதான நோக்கம்.

பரிசோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது கேனன் ஈ.ஓ.எஸ். 1500டி. 2018-இல் வெளிவந்த, 24.1 மெகாபிக்ஸல் சென்சார் கொண்ட இந்தக் கேமரா, புகைப்படக் கலையில் புதிதாகப் பிரவேசிப்பவர்களின் கைகளில் பெரும்பாலும் காணப்படுவது. பின்னாலிருந்து பார்க்கையில் அதன் இடப்பக்கத்தில் உள்ள ரப்பர் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால், ரிமோட்டுக்கும் எச்.டி.எம்.ஐ.க்கும் உரிய துளைகளோடு, யூ.எஸ்.பி. மினி-பி வகைப் போர்ட்டும் தென்படும். இன்றைய கைபேசிகளின் டைப்-சி முனையைப் போல எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைவதன்று இது. ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய அந்த உலோக வாயில், பிளக் ஒரே திசையில்தான் பொருந்தும். பொருந்திய பின்னும், மூடியின் ரப்பர் ஓரம் குறுக்கே மடங்கி நின்று, பிளக்கை முழு ஆழம் செல்ல விடாமல் தடுப்பதுண்டு. ஆகவே மூடியை நன்றாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இனி நகராது என்று விரலுக்குத் தெரியும் வரை செருகுவது அவசியம்.

எல்லாம் செவ்வையாக அமைந்திருக்கும்போது நிகழ்வது என்ன என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான், அமையாதபோது எது குறைகிறது என்று சொல்ல இயலும். யூ.எஸ்.பி. 2.0 கேபிளின் உள்ளே பிரதானமாக நான்கு கம்பிகள் உண்டு: ஐந்து வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, அது திரும்பி வரும் தரைக்கம்பி ஒன்று, செய்தியைச் சுமப்பதற்கு இரண்டு. விசைபோட்ட கேமரா, செய்திக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ-ஓம் மின்தடையின் மூலம் உயர்ந்த மின்னழுத்தத்துக்கு இழுத்து, தான் வந்திருப்பதைக் கணினிக்கு உணர்த்துகிறது. விடுதிக்குப் புதிதாக வருபவர் தம் பெயரையும் ஊரையும் பதிவேட்டில் எழுதிய பிறகே அறைச் சாவியைப் பெறுவதைப் போல, அதுவும் 1 முதல் 127-க்குள் ஒரு முகவரி எண்ணை அடைந்து, தன் தயாரிப்பாளரின் எண், மாடலின் எண், தன் இனம் ஆகியவற்றைத் தெரிவித்த பின்னரே படங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. இந்த அறிமுகச் சடங்கு ஒரு கணத்துக்குள் முடிந்து, விண்டோஸில் பரிச்சயமான ஒலி கேட்கிறது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கேமராவின் பெயரோடு ஒரு சின்னம் தோன்றுகிறது, அதனுள் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில் படங்கள் வரிசையாகக் காட்சி தருகின்றன.

இவ்விடத்திலேயே பலர் மயங்குகிறார்கள். பென் டிரைவைச் செருகியதும் புதிதாக ஒரு டிரைவ் எழுத்து தோன்றும் வழக்கத்தில் ஊறியவர்கள், கேமராவுக்கும் அப்படியோர் எழுத்தைத் தேடி, அது காணாமையால் இணைப்பே இல்லை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். இந்தக் கேமராவோ தன்னை ஒரு டிஸ்க்காகக் கணினியிடம் ஒப்படைப்பதில்லை; படங்களைக் கேட்டு வாங்குவதற்கென்றே வகுக்கப்பட்டு, பிற்காலத்தில் ஐ.எஸ்.ஓ. 15740 என்ற சர்வதேசத் தரமாகவும் அங்கீகரிக்கப்பட்ட பி.டி.பி. என்னும் முறையில் உரையாடுகிறது. மேக் கணினியிலும் இதே காரணத்தால் ஃபைண்டரில் கேமரா தெரியாது. இமேஜ் கேப்சர் என்ற செயலியைத் திறந்தால் அங்கே காத்திருக்கும்.

இனிக் கோளாறுகளை அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு வகைப்படுத்துவோம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரை முன்னதாகவே திறந்துவைத்துக்கொண்டு கேபிளைச் செருகினால், அந்தப் பட்டியல் ஒரு கணம் துள்ளிப் புதுப்பிக்கப்படுகிறதா என்பதொன்றே பாதி உண்மையைச் சொல்லிவிடும். பட்டியல் அசையவே இல்லை, ஒலியும் இல்லை என்றால், கேமராவின் வருகை கணினியின் காதுக்கே எட்டவில்லை என்று பொருள். அந்த நிலையில் டிரைவரை மாற்றி மாற்றி நிறுவுவது வியர்த்தமான பிரயத்தனம். பட்டியல் அசைந்தும், சாதனத்தை அடையாளம் காண இயலவில்லை என்ற அறிவிப்போ, கோட் 43 என்ற குறிப்போ வந்தால், சமிக்ஞை எட்டியது, ஆனால் சிதைந்து எட்டியது என்று கொள்ளலாம். கேமராவின் பெயர் சரியாக வந்து அதன்மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறி நின்றால், குற்றம் பெரும்பாலும் டிரைவரைச் சார்ந்தது. பெயரும் சரி, குறியும் இல்லை, ஆனால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது என்றால், கார்டையும் கேமராவின் அமைப்புகளையும் விசாரிக்க வேண்டும்.

முதல் வகையான பூரண மௌனத்துக்குக் காரணங்கள் மூன்று. கேமரா விசைபோடப்படாமல் இருப்பது, அல்லது பாட்டரி தீர்ந்திருப்பது ஒன்று. இந்த மாடல் யூ.எஸ்.பி. வழியாக மின்னேற்றம் பெறுவதில்லை. கைபேசியைப் போலக் கேபிளே உயிர் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் கிட்டும். எல்.பி.-ஈ10 பாட்டரியைத் தனி சார்ஜரில் நிரப்பிய பிறகே பரிசோதனையைத் தொடங்குவதும், தானாக அணையும் கால அளவை நீட்டிவைப்பதும் உசிதம்.

இரண்டாவது காரணம் கேபிள். காரில் பொருத்தும் டேஷ்கேமுக்கு மின்சாரம் கொடுக்க வந்த மினி-பி கேபிள் ஒன்றை இந்தக் கேமராவில் செருகிப் பார்த்தேன். பிளக் அட்சரசுத்தமாகப் பொருந்தியது, ஆனால் கணினியிடம் யாதொரு சலனமும் இல்லை. சார்ஜ் செய்வதற்கென்றே தயாராகும் இத்தகைய கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும்; செய்திக் கம்பிகள் இராது. வெளித்தோற்றத்தைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வேறொரு சாதனத்திலிருந்து அதே கேபிளால் ஒரு ஃபைலை நகலெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதொன்றே நம்பத்தகுந்த சோதனை.

மூன்றாவது காரணம், கேமராவின் மெனுவுக்குள் இருக்கிறது. வைஃபை வசதியை இயக்கி வைத்திருக்கும் வரையில், இந்தக் கேமரா கேபிள் வழியாகக் கணினியோடு தொடர்பு கொள்ளாது. அதை அணைத்த பிறகே கேபிளைச் செருக வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த விதி. முதல் நாள் கைபேசிக்குப் படம் அனுப்புவதற்காக வைஃபையை இயக்கியவர், மறுநாள் நல்ல கேபிளோடு கணினியின் முன் அமர்ந்து, எதுவும் தோன்றாதது கண்டு, புதிய கேபிள் வாங்கக் கடைக்குப் புறப்பட்டுவிடக்கூடும். மெனுவில் வைஃபை/என்.எஃப்.சி. என்ற வரியைத் திறந்து ‘டிஸேபிள்’ என மாற்றி, கேமராவை ஒருமுறை அணைத்து இயக்கியதும், அதுவரை மௌனம் சாதித்த கணினி உடனே ஒலி எழுப்பியது. செலவில்லாத பரிகாரம் என்பதால், இந்தக் கேமராவை உடையவர்கள் பாட்டரிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

இரண்டாம் வகையான சிதைந்த சமிக்ஞைக்கு, நைந்த கேபிளும் தளர்ந்த போர்ட்டும் ஹப்பும் பொறுப்பு. யூ.எஸ்.பி. 2.0 கேபிளின் நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டலாகாது. பல வேளைகளில் அதனினும் குறுகியதே சிலாக்கியம். மேஜைக் கணினியாயின், பெட்டியின் முன்புறத்துப் போர்ட்டுகள் உள்ளே மற்றொரு கம்பியால் மதர்போர்டுக்குச் செல்வதால், பின்புறத்துப் போர்ட்டில் நேரே செருகிப் பார்ப்பது விவேகம். பிளக்கை நேராகப் பிடித்துச் செருகாமல் பக்கவாட்டில் அசைத்து அசைத்துப் பிடுங்கும் வழக்கமே போர்ட்டின் ஆயுளைக் குறைக்கிறது. மினி-பி இணைப்பு 5,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கும்படி வகுக்கப்பட்டதாயினும், அந்தக் கணக்கு ஒழுங்காகக் கையாளுவோருக்கே பொருந்தும்.

மூன்றாம் வகையில், டிவைஸ் மேனேஜரில் கேமராவின் பெயர்மேல் வலது கிளிக் செய்து அதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கேபிளைக் கழற்றி, கணினியை மீண்டும் துவக்கி, மறுபடி இணைத்தால், விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரைப் புதிதாக நிறுவிக்கொள்ளும், பி.டி.பி. பொதுத் தரமாகையால் படங்களை எடுக்க வேறு டிரைவர் தேடி அலைய அவசியமில்லை. ஐரோப்பாவில் விற்கப்படும் விண்டோஸ் ‘என்’ பதிப்புகளில் மட்டும், விடுபட்டிருக்கும் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியே நிறுவ வேண்டும். லினக்ஸில் விநோதமான ஒரு தகராறு எழுவதுண்டு: உபுண்டு போன்றவற்றில் டெஸ்க்டாப்பே கேமராவை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்வதால், 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்களை அறிந்த ஜிபோட்டோ மென்பொருள், சாதனத்தைத் தன்வசப்படுத்த முடியவில்லை என்று முறையிடும். ஃபைல் மேனேஜரில் கேமராவை ‘அன்மவுண்ட்’ செய்துவிட்டால், கேபிளைக் கழற்றாமலே வழி திறக்கும்.

நான்காம் வகையான காலி ஃபோல்டருக்கு, கார்டே இல்லாமலிருப்பது முதல், கணினியில் பெயர் மாற்றித் திரும்ப வைக்கப்பட்ட ஃபைல்கள் வரை காரணங்கள் பல. சோனி கேமராக்களை உடையவர்கள், யூ.எஸ்.பி. இணைப்பு என்ற வரியில் ‘பி.சி. ரிமோட்’ என்பதற்குப் பதிலாக ‘மாஸ் ஸ்டோரேஜ்’ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிகானின் டி40, டி80 போன்ற பழைய மாடல்களிலும் இத்தகைய தேர்வு உண்டு.

இவ்வளவும் பார்த்தும் பயனில்லை எனில், கார்டை வெளியே எடுத்துக் கார்டு ரீடரில் இடுவதே உபாயம். ஆனால் இங்கேதான் மிகப் பெரிய அபாயமும் இருக்கிறது. 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் கொள்ளும் கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் எழுதப்படுவதால், அந்த முறையை அறியாத பழைய கணினியோ, கார்டைச் சரிவரப் படிக்க முடியாத ரீடரோ, ‘இதை ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். எக்காரணத்தைக் கொண்டும் அதற்குச் சம்மதிக்கலாகாது. கார்டில் படங்கள் சேதமின்றி இருக்க, கணினிக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை என்பதே பல சமயங்களில் அந்தக் கேள்வியின் உண்மைப் பொருள்.

வேகத்தைப் பொறுத்தவரை, கேபிளுக்குச் சாதகமாகப் பேச இயலாது. 2000-இல் வந்த யூ.எஸ்.பி. 2.0-வின் விநாடிக்கு 480 மெகாபிட் என்பது ஏட்டளவில் 60 மெகாபைட். நடைமுறையில் அதில் பாதியே கிட்டுவது சகஜம். கேமரா விநாடிக்கு 25 மெகாபைட் தருவதாகக் கொண்டால், 10 ஜி.பி. படங்களுக்கு ஏழு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகும். 80 மெகாபைட் தரும் யூ.எஸ்.பி. 3.0 ரீடரில் அதே காரியம் சுமார் இரண்டு நிமிஷத்தில் முடியும். ஆகவே கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டூடியோக்காரர்கள் ரீடரையே நாடுவது நியாயமானது. எனினும் கேனனின் ஈ.ஓ.எஸ். யூட்டிலிட்டி மென்பொருள் மூலம் கணினியிலிருந்தே கேமராவை இயக்கி, ஒவ்வொரு படமும் எடுத்த மாத்திரத்தில் பெரிய திரையில் விழுவதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதியை, எந்த ரீடராலும் தர இயலாது. பொருள்களைப் படமெடுப்பவர்களுக்கும் ஓலைச்சுவடிகளையும் பழம் புஸ்தகங்களையும் பக்கம் பக்கமாகப் பதிவு செய்பவர்களுக்கும் அது விலைமதிப்பற்ற சகாயம்.

என் முடிவான அபிப்பிராயம் இது: 1500டி-யின் யூ.எஸ்.பி. இணைப்பு வேகத்தில் பழையது, நம்பகத்தில் குறையற்றது. நான்கு கம்பியும் உடைய, ஒரு மீட்டருக்கு மிகாத நல்ல கேபிள் ஒன்றைக் கேமராவுக்கென்றே ஒதுக்கிப் பெயரெழுதிப் பையில் வைத்துக்கொள்பவருக்கு அது தொல்லை தர வாய்ப்பு மிகக் குறைவு. தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. வைஃபை இயங்கும்போது கேபிள் செருகப்பட்டால், அதை அணைக்கும்படி கேமராவின் திரையிலேயே ஒரு வரி தோன்றச் செய்வது பெரிய காரியமன்று. அந்த ஒரு வரி பலருடைய அரைநாள் அலைச்சலைத் தவிர்க்கும். வாசகர்கள் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை சுருக்கமானது: முதலில் பாட்டரி, அடுத்து வைஃபை, பிறகு கேபிள், அதன் பின் போர்ட், கடைசியாக டிரைவர். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படங்களின் இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் சேரும் வரையில் கார்டிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.