பிளக்கைப் பிடுங்கினால்தான் சங்கீதமா? – நிர்வாணாவின் நியூயார்க் கச்சேரியை முன்வைத்து

'இதுதான் தோழர் மியூசிக். இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் வெறும் எரைச்சல்.'

நண்பர் ஒருவர் தன் அறையில் ஒரு ஆல்பத்தைப் போட்டுக் கேட்க வைத்து, பாதியில் சொன்னது இது. நண்பர் முற்போக்காளர். ஊர்வலம், உண்ணாவிரதம் எதற்கும் தவறாமல் வருகிறவர். சின்ன வயதில் வீட்டுக்கே பாட்டு வாத்தியார் வந்து சொல்லிக்கொடுத்த குடும்பம். அமெரிக்காவின் நிர்வாணா குழு 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவிக்காக அக்கூஸ்டிக் கிதார்களை வைத்துக்கொண்டு வாசித்த 'அன்பிளக்டு' கச்சேரிதான் அந்த ஆல்பம். இதே குழு எலெக்ட்ரிக் கிதாரில் அலறவிட்ட பாட்டுகளைக் கொஞ்சம் முன்னால் போட்டபோது 'கொறைங்க தோழர், தலை வலிக்குது' என்றவர், பிளக்கைப் பிடுங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இசை படித்தவனல்ல. தமிழ் எம்.ஏ. ஸ்வரம் பிரிக்கத் தெரியாது. ஆனால் எது சங்கீதம், எது இரைச்சல் என்று பிரிக்கிற அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளில் யாழும் உண்டு, பறையும் உண்டு என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் நடத்தினார்கள். பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் நடத்தினார்கள். பாடம் முடிந்து வெளியே வந்தால் யாழ் மியூசியத்தில் இருக்கிறது, பறை சாவு வீட்டில் இருக்கிறது. யாழைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன் பறையைக் கேட்டால் சத்தம் என்கிறான். யார் வாசித்தால் இசை, யார் அடித்தால் சத்தம் என்பதைக் காது மட்டுமா தீர்மானிக்கிறது?

எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும். நண்பர் சொன்ன காரணம்தான் பிடிக்கவில்லை.

கிரஞ்ச் என்ற சொல்லுக்கே அழுக்கு என்றுதான் பொருள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் மையமாக வைத்து 1980களின் பிற்பகுதியில் கிளம்பிய ராக் இசை அது. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பிறந்த அபர்தீன், மரம் வெட்டும் தொழிலை நம்பிய ஊர். அந்தத் தொழில் நொடித்துக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். பாதியில் விட்ட அதே பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவர். (நிர்வாணா என்ற பெயர் பவுத்தத்திலிருந்து எடுத்தது. நம்மூரில் அந்தச் சொல்லை அம்மணமாக்கிவிட்டார்கள்.) முதல் ஆல்பம் 'ப்ளீச்' 1989இல் வந்தது, பதிவுச் செலவு 606 டாலர். 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' உலகம் முழுக்க விற்றது. அடுத்த வருடமே மார்க் ஜேக்கப்ஸ் என்ற உடை வடிவமைப்பாளர், ஏழைப்பட்டவன் போடும் கட்டம்போட்ட சட்டையைப் பட்டுத் துணியில் செய்து நியூயார்க் ஃபேஷன் மேடையில் நடக்கவிட்டார். அழுக்கு விலைபோக ஆரம்பித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரஞ்ச்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்கள். (சவுண்ட்கார்டன் குழுவின் கிம் தாயில் கேரளத்திலிருந்து போன பெற்றோரின் பிள்ளை, அவர் விதிவிலக்கு.) அவர்களுக்கு அழுக்கு ஒரு பாணி, வேண்டாமென்றால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிடலாம். நம்மீது அப்பிய அழுக்கு அப்படியா கழலும்? ஆகவே 'கிரஞ்ச்தான் அமெரிக்காவின் தலித் இசை' என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, அன்பிளக்டு. எம்டிவி 1989இல் தொடங்கிய நிகழ்ச்சி. ராக் குழுக்கள் மின்சாரத்தைத் துறந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 'பார், இவனுங்களுக்கு வாசிக்கவும் தெரியுது' என்று சான்றிதழ் வழங்குகிற மேடை. உள்ளே வரலாம், காலைக் கழுவிட்டு வா என்கிற மாதிரி. நிர்வாணா காலைக் கழுவினார்களா?

மேடையை லில்லிப் பூக்களாலும் கறுப்பு மெழுகுவத்திகளாலும் நிரப்பச் சொன்னார் கோபேன். சாவு வீடு மாதிரியா என்று தயாரிப்பாளர் கேட்டதற்கு ஆமாம் என்றாராம். ஐந்து மாதத்துக்குள், 1994 ஏப்ரல் 5 அன்று, 27 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அதனால் பூவையும் மெழுகுவத்தியையும் வைத்துத் தீர்க்கதரிசனம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அந்தக் கதை எனக்கு வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு சமாச்சாரம். அந்த அக்கூஸ்டிக் கிதாரை அவர் தன்னுடைய ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் வாசித்தார், விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து. பிளக் இல்லாத நிகழ்ச்சியில் ஆம்ப் கண்ணில் படக்கூடாதே! அதன் முன்னால் ஒரு போலிப் பெட்டியைச் செய்து வைத்து மறைத்தார்கள். டேவிட் போவியின் பாட்டில் அந்தக் கிதார் பிசிறடித்து முனகுவதைக் கேட்கலாம். (போவி என்றால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 1983இல் எம்டிவி எடுத்த பேட்டியிலேயே, கறுப்பர்களின் பாட்டை ஏன் இவ்வளவு குறைவாகப் போடுகிறீர்கள் என்று பேட்டி எடுத்தவரையே திருப்பிக் கேட்டவர்.) ஆக, சத்தம் ஒழிந்தது என்று நண்பர் தலையாட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

நிர்வாணாவின் பாட்டுக் கட்டுமானம் எளிது. மூன்று நான்கு கார்டு. சரணம் அடங்கி வரும், பல்லவி வெடிக்கும். வெடிக்கிற வேலையை டிஸ்டார்ஷன் பெடல் பார்த்துக்கொள்ளும். அந்த இரைச்சலை எடுத்துவிட்டால் வெடிப்பு எங்கே போகும்? ஒன்றுமில்லாமல் போய் மெட்டு சாந்தமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் 'பென்னிராயல் டீ'யைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, கோபேன் தனியாக வாசிக்கிறார். பல்லவி வரும் இடத்தில் அந்தச் சுமையைக் கிதாரால் தூக்க முடியவில்லை. தொண்டை தூக்குகிறது. குரல் கிழிகிறது, சுருதி நழுவுகிறது, நின்றுவிடுவாரோ என்றுகூடத் தோன்றுகிறது. மெஷின் பார்த்த வேலையை இங்கே உடம்பு பார்க்கிறது. மூட்டை தூக்குகிறவனின் மூச்சு எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்கிறது. என்னை இழுத்தது அதுதான். டிரம்ஸைப் போட்டு உடைக்கிற டேவ் க்ரோல் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். அடக்கி வைத்திருப்பதும் காதில் விழுகிறது. லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ அடியில் ஒப்பாரி மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது.

1996 ஏப்ரலில் புரூக்ளினில் ஆலிஸ் இன் செயின்ஸ் குழு வாசித்த அன்பிளக்டும் இந்த வகைதான். லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரலும் சேர்ந்து பாடும் இரட்டைக் குரல் எலெக்ட்ரிக்கில் கிதார்ச் சுவரோடு சுவராகப் போய்விடும். இங்கே இரண்டு குரலும் ஒன்றையொன்று உரசுவது தனியாகக் கேட்கும். ஸ்டேலியைப் போதை தின்றுகொண்டிருந்த காலம் அது. 2002இல் செத்துப்போனார்.

அமைதியான பாட்டு நல்ல பாட்டு என்கிற நம்பிக்கையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 'பாலி' என்ற பாட்டு 'நெவர்மைண்ட்' ஆல்பத்திலேயே அக்கூஸ்டிக்தான். பழைய சாமான் கடையில் 20 டாலருக்கு வாங்கிய ஸ்டெல்லா கிதாரில், கம்பியைக்கூட மாற்றாமல் வாசித்தது. 1987இல் வாஷிங்டன் மாநிலத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திச் சித்திரவதை செய்யப்பட்டதை வைத்து, குற்றவாளியின் வாயால் சொல்வதாக எழுதியது. எவ்வளவு இதமான மெட்டு! இரண்டு பேர் ஒரு பெண்ணை வன்புணர்ச்சி செய்துகொண்டே இந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று தெரியவந்தபோது, 1992இல் வெளியான 'இன்செஸ்டிசைட்' ஆல்பத்தின் உறையில் கோபேன் ஆத்திரத்தோடு எழுதினார். பெண்களையும் வேறு நிறத்தவரையும் ஓரினக் காதலரையும் வெறுக்கிறவர்கள் எங்கள் பாட்டை வாங்காதீர்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். மெல்லிய பாட்டு யார் வாயில் போய் என்னவாகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கச்சேரியின் கடைசிப் பாட்டுக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அப்பலாச்சிய மலைப்பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வாய்வழியாகப் புழங்கிய பழம்பாட்டு. ராத்தங்கல் எங்கே என்று ஒரு பெண்ணை விசாரிப்பது. காடும் குளிரும் செத்துப்போன புருஷனும் வருவார்கள். கோபேன் கற்றுக்கொண்டது லெட்பெல்லி பாடிய வடிவத்தை.

லெட்பெல்லியின் இயற்பெயர் ஹடி லெட்பெட்டர். லூசியானாவில் 1880களின் கடைசியில் பிறந்த கறுப்பர். ஷ்ரீவ்போர்ட் நகரின் ஃபானின் தெரு மதுக்கடைகள், கொலை வழக்கு, டெக்சாஸ் சிறை, அப்புறம் லூசியானாவின் அங்கோலா சிறை. அங்கோலா பழைய அடிமைப் பண்ணை, பின்னால் சிறைச்சாலையாக ஆக்கப்பட்டது. 1933இல் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல் சேகரிக்க ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் ரெக்கார்டிங் மெஷினோடு அங்கே போனபோது கண்டெடுத்தது இவரை. 1934இல் விடுதலையானார். லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார், அவரோடு போய் மேடையேறிப் பாடினார். எந்தக் கோலத்தில்? கோட்டும் டையும் போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட மனிதரைக் கூலியாள் உடுப்பிலும் கைதி உடுப்பிலும் காட்டினார்கள். 1935இல் ஒரு செய்திப்படத்தில் அவருடைய சிறைக் கதையில் அவரையே நடிக்க வைத்தார்கள். ரேடியோவில் கேட்ட பிரபலப் பாட்டுகளைப் பாட அவருக்குப் பிடிக்கும். லோமாக்ஸுக்கு வேண்டியது கலப்படமில்லாத பழைய பாட்டு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பாடியவனுக்கு, மீதி அப்பனுக்கும் மகனுக்கும். சில மாதத்திலேயே சண்டை வந்து பிரிந்தார்கள். 1937இல் 'லைஃப்' பத்திரிகை அவரைப் பற்றிப் போட்ட தலைப்பிலேயே கறுப்பரை இழிவுபடுத்தும் சொல் பச்சையாக இருந்தது. 1949 டிசம்பரில் செத்தார். மறு வருடம் அவருடைய 'குட்நைட் ஐரீன்' பாட்டை வீவர்ஸ் என்ற வெள்ளையர் குழு பாடி, அது 13 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அவர் கையில் இருந்ததும் ஸ்டெல்லாதான், 12 கம்பிக் கிதார். ஆறு கம்பி போதாதா? ஆம்ப்ளிஃபயர் இல்லாத காலம், குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கடை, அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்டாக வேண்டும். மதுக்கடைப் பியானோக்காரர்களின் இடது கை அடியைத் தன் கட்டை விரலுக்குக் கொண்டுவந்தார். சாந்தமாக வாசிப்பதற்கு எடுத்த வாத்தியமல்ல அது. அந்தக் காலத்தில் ஒரு தனி மனுஷன் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய உரத்த வாத்தியங்களில் ஒன்று.

கலப்படமில்லாதது வேண்டும் என்று நம்மிடமும் கேட்கிறார்கள். பறையை மேடையில ஏத்துறோம், ஆனா இடுப்புத் துண்டோட வா. எழுது, ஆனா தன்வரலாறு மட்டும் எழுது, ரத்தமும் சதையுமா, உங்க பேச்சு மொழியில. கோட்பாடா, அதை நாங்க பாத்துக்கிறோம். ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்து முடித்தபோது, 'இதையெல்லாம் விட்டுட்டு உங்க அனுபவத்தைச் சொல்லியிருக்கலாமே தம்பி, அதுதானே அசல்' என்று ஒரு பேராசிரியர் அக்கறையோடு சொன்னார். உன் ஆம்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பிளக்கைப் பிடுங்குவது வாசிக்கிறவனா, பிடுங்கச் சொல்லிக் கேட்டு உட்கார்ந்திருக்கிறவனா என்று பார்க்க வேண்டாமா? 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதையும், 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டதையும் மேடைதோறும் சொல்கிறோம். லெட்பெல்லிக்கு மாட்டிவிட்ட கைதிச் சட்டையையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோபேன் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். லெட்பெல்லி இந்தப் பாட்டைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார். சிலவற்றில் கறுப்புப் பெண் என்று விளிப்பார், சிலவற்றில் தன் பெண் என்று. கோபேன் பாடுவது இரண்டாவதை. நிறம் காணாமல் போய்விட்டது, வெள்ளைக்காரன் சோகமாக ஆகிவிட்டது என்று யாராவது வாதாடினால் என்னிடம் முழுப் பதில் இல்லை. 2019இல் அந்த மேடையில் அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டை, துவைக்காமலேயே, 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. 2020இல் அந்தக் கிதார் 60 லட்சம் டாலர். அழுக்குக்கு வந்த வாழ்வு! ஆனாலும் அவர் கடனை மறைக்கவில்லை. 1989இலேயே மார்க் லேனகனோடு சேர்ந்து லெட்பெல்லி பாட்டுகளைப் பதிவு செய்தவர். லேனகனின் 1990 ஆல்பத்தில் இதே பாட்டுக்குக் கிதார் வாசித்தவர். எம்டிவி பெரிய பெயர்களையும் ஹிட்டுகளையும் எதிர்பார்த்தது. 'டீன் ஸ்பிரிட்' பாட்டைத் தொடவே இல்லை. 14 பாட்டில் 6 அடுத்தவருடையது, விருந்தாளியாக வந்தவர்கள் மீட் பப்பெட்ஸ் என்ற அதிகம் பேர் கேள்விப்படாத குழுக்காரர்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் லெட்பெல்லியின் பெயரைச் சொல்லி, அவருடைய கிதாரைத் தனக்கு 5 லட்சம் டாலருக்கு விற்கப் பார்த்த கதையையும் நக்கலாகச் சொல்கிறார்.

பாடுகிறார். அதுவரை கீழேயே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டைக் கடைசிச் சரணத்தில் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக் கத்துகிறார். பிளக்கோடு வாசித்த எந்தப் பாட்டிலும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முடிக்கிற இடத்துக்கு வந்து, சட்டென்று நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் முடிக்கிறார். இன்னொரு பாட்டு பாடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார்.

அந்த இடம் வந்தபோது நண்பர் எழுந்து வால்யூமைக் குறைத்தார். கீழ் வீட்டுல ஆள் இருக்காங்களாம். 'எல்லாம் அருமை தோழர், கடைசியில மட்டும் ஏன் இப்படிக் கத்துறான்?' என்றார்.

அன்றைக்கு எனக்குப் பேச வாய் வரவில்லை. அடுத்த தடவை போகும்போது லெட்பெல்லியின் 1944 பதிவை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். முதலில் அதைப் போடச் சொல்ல வேண்டும். அப்புறம் இதை. வால்யூமில் கை வைக்காமல்.