தூரத்துக் கலமும் உடைந்த கலமும்

விண்கலப் போர் விளையாட்டுகளுக்கு மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) செய்பவர்களின் உழைப்பெல்லாம் அருகில் பார்க்கும் முழு உருவத்திலேயே குவிகிறது. தொலைவில் தெரிய வேண்டிய எளிய வடிவங்களும், வெடித்தால் சிதற வேண்டிய உடைசல் துண்டுகளும் கடைசி நேர வேலையாகிவிடுகின்றன. ஆனால் ஆடுபவர் ஒரு கலத்தைப் பெரும்பாலும் தொலைவில்தான் பார்க்கிறார். அதன் முடிவை உடைசலாகத்தான் பார்க்கிறார். மோடின் தரத்தை இவ்விரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

1999இல் வெளிவந்த ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ இதற்கு நல்ல சான்று. 2002இல் மூல நிரல் வெளியான பிறகு ரசிகர்களே அதை வளர்த்துவருகிறார்கள். அதன் மாடல் கோப்பு ஒன்றிலேயே எல்.ஓ.டி. எனப்படும் நுணுக்க நிலைகள் பல இருக்கலாம். எந்தத் தொலைவில் எது தோன்ற வேண்டும் என்பதைத் தனி அட்டவணை சொல்லும். உடைசல் துண்டுகளும் அந்த மாடல் கோப்பிலேயே அடங்கும்.

இந்த நிலைகளைக் கையால் செய்வதன் பெரும் பலம், எது மிஞ்ச வேண்டும் என்பதை மனிதரே முடிவு செய்வது. அந்த விளையாட்டில் வரும் ‘சத்தானாஸ்’ என்ற பெருங்கலத்தின் அடையாளம் முன்னே நீளும் நான்கு கரங்கள். எவ்வளவு எளிமையாக்கினாலும் அவை தெரிய வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பாலிகன்களைக் (மாடலை ஆக்கும் தட்டை முகங்களை) குறைக்கும் டெசிமேட் கருவி தானாக வடிவியலைத்தான் பார்க்கும். எது அடையாளம் என்பது அதற்குத் தெரியாது. மெல்லிய துடுப்புகள் சிதைந்தால் தொலைவில் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய முடியாது.

ஆனால் இந்த வழக்கம் பழைய கணக்கொன்றையும் சுமந்து வருகிறது. அன்று பாலிகன் எண்ணிக்கைதான் பெரும் சுமை. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் அதை எளிதில் தாங்கும்; தனித்தனி டெக்ஸ்ச்சர்களுக்காக (மேற்பரப்புப் படங்களுக்காக) திரும்பத் திரும்பப் போகும் வரைவுக் கட்டளைகளே இப்போது வேகத்தைக் குறைக்கின்றன. பாலிகனைப் பாதியாக்கிவிட்டு டெக்ஸ்ச்சர்களை அப்படியே விட்டால் பயன் சொற்பம். கீழ்நிலைகளில் அவற்றை ஒரே படத்தாளில் இணைப்பதே சரி. தொலைவு அட்டவணையும் அப்படித்தான்: 1024×768 திரைக்கு வகுத்த தொலைவு எண்களை 4கே திரையில் அப்படியே வைத்தால், வடிவம் மாறும் கணம் கண்ணில் பட்டுவிடும்.

உடைசலில் குறை இன்னும் வெளிப்படை. பலர் மேலோட்டை நேர்கோட்டில் வெட்டி அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாலிகனின் பின்முகம் பொதுவாக வரையப்படாததால், சுழலும் துண்டின் உட்பக்கம் பார்த்தால் ஒன்றுமே இல்லை. முட்டை ஓட்டுக்காவது உட்புறம் உண்டு. வெட்டுவாயில் தளங்கள், விலாச் சட்டங்கள், கருகிய உலோகம் எல்லாம் வேண்டும். அதற்காகத் துண்டுகளைப் பெருக்கவும் கூடாது. போரில் பல கலங்கள் ஒரே நேரத்தில் சிதறும். துண்டுகள் மற்ற கலங்களோடு மோதவும் செய்யும். உட்புறம் நன்கு அமைந்த சில பெரிய துண்டுகள் போதும். சிறு சிதறல்களைத் துகள் விளைவுகளிடம் விட்டுவிடலாம்.

ஆகவே கைவேலை தொடர வேண்டும். மாற வேண்டியது வேலையின் வரிசை. முதலில் கலத்தின் புறவடிவத்தைத் தீர்மானித்தால் அதுவே கடைசி எல்.ஓ.டி. ஆகும். கலத்தின் உள்ளே தடுப்புச் சுவர்கள் வரும் இடங்களை அப்போதே குறித்துவைத்தால், கலம் எங்கே உடையும் என்பதும் வடிவமைப்பின் பகுதியாகிவிடும்.