பற்குழியில் நிறைந்தது எலும்புதானா?

ஈறு நோய் முற்றிய நாய்க்குப் பல்லைப் பிடுங்கியபின், அக்குழியில் எலும்புத் துகளை இட்டு நிரப்பினால் தாடை விரைவில் தேறிவிடும் என்பார்கள். சான்றாக இரண்டு எக்ஸ்-கதிர்ப் படங்களைக் காட்டுவதுண்டு. முதற்படத்தில் குழி கறுப்பாகத் தெரியும். அடுத்ததில் வெள்ளையாக நிறைந்திருக்கும்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இச்சான்று போதவில்லை. எக்ஸ்-கதிருக்கு எலும்பு இன்னதென்று தெரியாது. கால்சியம் போன்ற அணுக்கள் செறிந்த இடத்தில் அது மிகுதியாக உட்கவரப்படுகிறது, அவ்வளவே. குழியில் இடும் துகளோ பல வேளைகளில் மாட்டெலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டு. இட்ட அன்றே படம் வெள்ளையாகத்தானே விழும்! வளர்ந்த எலும்பு எது, நாம் கொட்டிய துகள் எது என்பதை அந்த வெண்மை பிரித்துச் சொல்லாது.

திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்களின் வேலை இதைவிட நம்பத்தக்கது. கார்டரோபோலி, அரௌஜோ, லிண்டே ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. 9 நாய்களின் கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பல்லின் ஒரு வேரை மட்டும் நீக்கி, 1-ஆம் நாள் முதல் 180-ஆம் நாள் வரை குழியைச் சோதித்தார்கள். முதலில் குருதி உறைகிறது; பிறகு இணைப்புத் திசு; 14-ஆம் நாளில் இளம் எலும்பு. 30-ஆம் நாளில் குழியின் 88 விழுக்காடு எலும்பு. 180-ஆம் நாளிலோ 15 விழுக்காடுதான்!

எலும்பு அழிந்துவிட்டதா? இல்லை. மீதி 85 விழுக்காட்டை மச்சை நிரப்பியிருந்தது. சைக்கிள் சட்டத்தைக் குழாயால் செய்வது ஏன் என்று வகுப்பில் படித்த மாணவருக்கு இது வியப்பாக இராது. வளைவைத் தாங்குவதில் நடுப்பகுதியின் பங்கு சிறிது. ஆகவே ‘எவ்வளவு நிறைந்தது’ என்ற ஒரே எண்ணைக் கொண்டு தாடையின் வலிமையைக் கூற இயலாது. இவ்வாய்வு அளந்தது திசுவின் அளவை, வலிமையை அன்று.

மற்றொரு குறையும் உண்டு. இது ஆய்வாளர்களின் பிழையன்று. அதை மேற்கோள் காட்டுவோரின் பிழை. அங்கே நீக்கப்பட்டது நோயால் ஆடிப்போன பல்லின் வேர் அன்று. எலும்பாக்கும் செல்கள் பெரிதும் குழியின் சுவர்களிலிருந்தே உள்ளே வருகின்றன. ஈறு நோயிலோ அச்சுவரே அரிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் முற்றிலும் இல்லாமலும் போயிருக்கலாம். சுவருள்ள குழியின் கால அட்டவணையைச் சுவரில்லாத குழிக்கு எப்படிப் பொருத்துவது?

துகளால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. அரௌஜோவும் லிண்டேயும் 2009-இல் வெளியிட்ட நாய் ஆய்வுகளில், துகளிட்ட குழியில் தொடக்க வாரங்களில் எலும்பு தாமதித்தே தோன்றியது. ஆனால் ஆறு மாதத்தில் தாடை விளிம்பின் வடிவம் நன்கு காக்கப்பட்டிருந்தது. வடிவம் காப்பது வேறு, விரைவில் ஆறுவது வேறு. விற்பனையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

சிறுஇன நாய்க்கு இது வீண் வாதமன்று. அதன் கீழ்த்தாடையில் முதற் கடைவாய்ப் பல்லின் வேர் ஏறக்குறைய எலும்பின் அடிவிளிம்புவரை இறங்கியிருக்கும். நோய் அங்கே அரித்திருந்தால், பல்லை எடுக்கும்போதே தாடை முறிவதுண்டு. அழுகிய திசுவைச் சுரண்டாமல் துகளை மேலே இட்டு மூடினால், படம் வெள்ளையாகவே இருக்கும். கிருமி உள்ளேயே இருக்கும். துகளின் பயனை நிறுவ விரும்புவோர், அதே நாயின் இடப்பக்கக் குழியில் துகளிட்டு, வலப்பக்கக் குழியைச் சுத்தம் செய்து தைத்துமட்டும் விட்டு, எது எதுவென்று அறியாத ஒருவரை அளக்கச் சொல்லட்டும்.