பெயர் மாறிய கண்டுபிடிப்பு

பார்பரா மெக்லின்டாக்கைப் பற்றி நாம் மேடைகளில் சொல்லும் கதை ஒன்றுதான். மரபணுத் துண்டுகள் இடம் மாறும் என்று 1951இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் சொன்னார், ஆண்கள் நம்பவில்லை, 1983இல் நோபல் பரிசு வந்தது. ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் 1983இல் எழுதிய 'எ ஃபீலிங் ஃபார் தி ஆர்கனிசம்' என்ற வாழ்க்கை வரலாற்றின் வழியாகப் பரவிய கதை இது. அருமையான நூல். ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்தது அதன் சுருக்கம் மட்டுமே. அந்தச் சுருக்கத்தில் மக்காச்சோளம் இல்லை.

நிறம் தரும் மரபணுவுக்குள் வேறொரு துண்டு புகுந்துகொண்டால் சோளமணி வெளுத்துப்போகும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வழிவந்தவற்றில் மட்டும் நிறம் திரும்பும். சீக்கிரம் வெளியேறினால் பெரிய புள்ளி, தாமதித்தால் சிறிய புள்ளி. தானாக நகர முடியாத துண்டை டிஎஸ் என்றும், அதைக் கிளப்பிவிடும் இன்னொன்றை ஏசி என்றும் மெக்லின்டாக் குறித்தார். ஏசியின் பிரதிகள் கூடக் கூடப் புள்ளிகள் சிறுத்தன, அதாவது வெளியேறும் நேரம் தள்ளிப்போனது. புள்ளியின் அளவிலிருந்து அவர் காலத்தை வாசித்தார். (வாசித்தார் என்ற சொல்லை இங்கே என்னால் தவிர்க்க முடியவில்லை.)

அவரை ஈர்த்தது இந்த நேரக்கணக்கு. எந்த மரபணு எப்போது செயல்பட வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை இத்துண்டுகள் நிர்ணயிப்பதாகக் கருதி, 'கட்டுப்படுத்தும் கூறுகள்' என்று பெயர் வைத்தார். நேதனியல் கம்ஃபர்ட்டின் 'தி டேங்கில்டு ஃபீல்டு' (2001) காட்டுவதும் இதைத்தான்: இடமாற்றத்தை மக்காச்சோள ஆய்வாளர்கள் 1950களிலேயே ஏற்றுக்கொண்டார்கள், ஏற்காதது கட்டுப்பாடு என்ற கருத்தை. நோபல் குறிப்பு 'இடம்பெயரும் மரபணுக் கூறுகள்' என்கிறது. அவர் வைத்த பெயர் அதில் இல்லை.

கம்ஃபர்ட்டைப் படித்துவிட்டு, பாகுபாடே இருக்கவில்லை என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முனைவர் பட்டம் தந்த கார்னெல் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. ஆனால் 1945இல் அமெரிக்க மரபியல் சங்கத்தின் தலைவராக இருந்தவரை யாரும் அறியாத அபலையாக்குவதும் அநியாயம். உயிரியோடு ஒன்றி உணர்ந்தார் என்பதால் அது 'பெண்மையின் அறிவியல்' என்பது அதைவிட மோசம். கெல்லரே அந்த வாசிப்பை மறுத்திருக்கிறார். புள்ளிகளை ஒப்பிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்து கிடைத்த முடிவை உணர்ச்சியின் கணக்கில் எழுதிவிட்டால், அவருடைய தர்க்கம் எங்கே போகிறது?

அந்தத் தர்க்கத்தோடு சண்டை போடவும் இடமுண்டு. ஒரு செடியின் வளர்ச்சியைத் துண்டுகளின் தாவல் திட்டமிட்டு நடத்துகிறது என்ற அவருடைய நம்பிக்கை நிலைக்கவில்லை. செடி பெரும்பாலும் அவற்றை அடக்கியே வைத்திருக்கிறது. பரிணாமத்தின் அளவில் பார்த்தால் கதை வேறு. மக்காச்சோள மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 85 சதவீதம் இத்தகைய கூறுகளிலிருந்து வந்தது. 1980இல் 'சுயநல டிஎன்ஏ' என்று ஒதுக்கப்பட்டவையும் இவைதான். அவற்றில் ஹாப்ஸ்காட்ச் என்ற ஒன்று, கிளைவிடுதலை அடக்கும் மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதன் செயலைக் கூட்டுகிறது என்று 2011இல் கண்டறிந்தார்கள். மனிதர் பயிரிடத் தொடங்குமுன்பே அது அங்கே வந்துவிட்டது. மெக்சிகோவின் உழவர்கள் அந்தச் செடிகளைத் தேர்ந்து விதைத்தார்கள். பல கிளைகளோடு புதராக நின்ற தியோசின்ட் புல், ஒற்றைத் தண்டு மக்காச்சோளமாக நிமிர்ந்ததில் அதற்குப் பங்குண்டு.