சிரிப்பும் தேசிய அடையாளமும்: ஹென்றி லோசனின் சிறுகதை ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

நகைச்சுவைப் படைப்புகளை இலேசான எழுத்தெனக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஆயின், ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன கருதுகின்றது என்பதை அதன் வீரகாவியங்களிலும் பார்க்க அதன் சிரிப்பே சில வேளைகளில் தெளிவாகப் புலப்படுத்துகின்றது. யார் யாருடன் சேர்ந்து சிரிக்கின்றனர், எவரைக் கண்டு சிரிக்கின்றனர், அச்சிரிப்பிற் சேராது நிற்போர் யாவர் என்பன இலக்கிய வினாக்கள் மட்டுமல்ல, சமூகவியல் வினாக்களுமாகும். அவுஸ்திரேலிய எழுத்தாளர் ஹென்றி லோசன் எழுதியதும், ‘வெடி சுமந்த நாய்’ எனத் தமிழிற் குறிக்கத்தக்கதுமான சிறுகதையை இவ்வினாக்களுடன் அணுக இங்கு முயல்கின்றோம்.

இக்கதை இடம்பெற்ற ‘ஜோ வில்சனும் தோழர்களும்’ என்னும் தொகுதி 1901இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஆறு பிரித்தானியக் குடியேற்றங்கள் ஒன்றிணைந்து அவுஸ்திரேலியப் பொதுநலவாயமாயின. புதிய அரசுக்கு ஒரு தேசிய மனிதன் தேவைப்பட்டான். 1880இல் சிட்னியிலே தொடங்கப்பெற்ற ‘புலெற்றின்’ வார இதழ் அம்மனிதனை ஏற்கெனவே உருவாக்கத் தொடங்கியிருந்தது. நகரங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் உள்நாட்டுப் பரப்பை அந்நாட்டவர் ‘புஷ்’ என்பர். அங்கு அலையும் ஆட்டுரோமம் கத்தரிப்போன், மந்தை ஓட்டுவோன், பொன் தேடுவோன் ஆகியோரே இத்தேசிய மனிதனின் மாதிரிகளாயினர்.

ஆனால், வரலாற்று நிலை வேறாக இருந்தது. 1891இல் விக்ரோறியாக் குடியேற்றத்தின் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் இருவர் மெல்பேணிலேயே வாழ்ந்தனர். லோசன் 1867இல் கிறென்ஃபெல் பொன்வயலிலே பிறந்தவராயினும் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் சிட்னியிற் கழித்தவர். 1892இல் ‘புலெற்றின்’ அனுப்ப, வரட்சி நிலவிய பேர்க் பகுதிக்குச் சென்று அலைந்த அனுபவமே அவருடைய ‘புஷ்’ எழுத்துக்களுக்குப் பெரிதும் ஊட்டமளித்தது. ‘புஷ்’ தொன்மம் நகரத்து எழுத்தாளரின் ஆக்கமே என 1978இல் கிறேயம் டேவிசன் வாதிட்டமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. எனவே, நாம் ஆராயும் பாத்திரங்கள் ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு காண விரும்பிற்றோ அவ்வாறு வரைந்துகொண்ட உருவங்களுமாகும்.

கதை எளிமையானது. டேவ் றீகன், ஜிம் பென்ற்லி, அன்டி பேஜ் ஆகிய மூவரும் ஸ்டோனி கிறீக் என்னுமிடத்திலே பொன் தேடிச் சுரங்கக் குழி வெட்டுகின்றனர். பொன் செறிந்த பாறைப்படை அருகில் எங்கோ இருக்கின்றதென்பது அவர்களுடைய நம்பிக்கை. எத்தனை அடி ஆழத்தில், எத்திசையில் என்பன மட்டுமே தெரியாதவை. அண்மையிலுள்ள நீர்நிலையின் மீன்களைப் பாறை உடைக்கும் வெடிமருந்து கொண்டு பிடிக்கலாம் என்னும் யோசனை எழ, அன்டி வழமையிலும் மும்மடங்கு பெரிய வெடிப்பொதியொன்றைச் செய்கின்றான். அவர்களிடம் ரொமி என்னும் கறுத்த, பெரிய இளம் நாய் உண்டு. எறிந்த எதனையும் எடுத்துவந்து சேர்ப்பது அதன் இயல்பு. அது வெடிப்பொதியைக் கௌவிக்கொண்டு சமையல் தீயைச் சுற்றிவர, திரி பற்றிக்கொள்கின்றது. மூவரும் மூன்று பக்கமாக ஓட, நாய் அதனை விளையாட்டெனக் கருதித் துரத்துகின்றது. இறுதியில் தெருவோரத் தவறணையொன்றிலே, அங்கு பதுங்கிக் கிடந்த மஞ்சள் நாய் பொதியைப் பறிக்க, வெடி வெடிக்கின்றது.

பாத்திர வார்ப்பைக் கவனிப்போம். மூவருள் எவருக்கும் கடந்த கால வரலாறோ குடும்பமோ அகப் போராட்டமோ தரப்படவில்லை. மனித மனத்தின் ஆழங்களைத் தேடும் வாசகர் இதனைக் குறையெனக் கொள்ளலாம். ஆனால், லோசன் இங்கு வரைவது தனிமனிதரை அன்று, அவர்களிடையேயான உறவையே எனலாம். டேவ் திட்டம் தீட்டுபவன். அன்டி அதனைச் செயற்படுத்துபவன். திட்டம் பிழைத்தால் பழியும் கேலியும் அவனுக்கே. ஜிம் இவர்களின் பைத்தியக்காரத்தனத்தை ஏளனஞ் செய்து ஒதுங்கி நிற்பவன். தலைவனோ எசமானனோ அங்கில்லை. கட்டளைக்குப் பதிலாகக் கேலியே ஒழுங்கை நிலைநாட்டுகின்றது. அவுஸ்திரேலியர் ‘மேற்ஷிப்’ எனப் போற்றும் தோழமையின் உள்ளமைப்பு இதுவே. 1890இன் கடற்றொழிலாளர் வேலைநிறுத்தமும் 1891இன் ஆட்டுரோமம் கத்தரிப்போர் வேலைநிறுத்தமும் தோல்வியுற்ற பின்னர், தொழிலாளர் ஒருமைப்பாட்டின் நினைவு இத்தகைய சிறு குழுக்களின் சித்திரிப்பிலே தங்கியிருந்தது எனின் தவறாகாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. வெடிப்பொதி செய்வதில் அன்டி காட்டும் நுணுக்கத்தை லோசன் விரிவாக விவரிக்கின்றார்: துணியுறை தைத்தல், மெழுகிலே தோய்த்தல், கயிற்றால் இறுகச் சுற்றுதல் எனத் தொழிலாளியின் கைத்திறன் படிப்படியாகக் காட்டப்படுகின்றது. அவ்வளவு திறனும் மீன் பிடிக்கும் வீண் முயற்சியிற் செலவாகி, செய்தவர்களையே துரத்துகின்றது. கதையின் நகைச்சுவை இம்முரணிலேயே வேர்கொண்டுள்ளது. உழைப்பாளியை இலட்சிய வீரனாக உயர்த்தாமலும் இழிவுபடுத்தாமலும், அவனுடைய அறிவையும் அறியாமையையும் ஒருசேரக் காட்டும் இந்நிதானம் லோசனின் யதார்த்தவாதத்தின் வலிமையாகும்.

நாயும் ஒரு தோழனாகவே சித்திரிக்கப்படுகின்றது. ஆழக் குழியொன்றிலே குதித்துத் தப்பிய ஜிம்மை, பொதியை வாயில் ஏந்தியவாறே அது மேலிருந்து எட்டிப் பார்க்கும் காட்சியில் மனிதனுக்கும் விலங்குக்குமான தகைமை வேறுபாடு தலைகீழாகின்றது. அதிகாரம், மேன்மை, ஆண்மைப் பெருமிதம் யாவற்றையும் ஒரே ஓட்டத்திலே சமப்படுத்திவிடும் சிரிப்பு இது. இதனாலேயே வான்ஸ் பாமர் 1954இலும், ஏ. ஏ. பிலிப்ஸ், றசல் வாட் ஆகியோர் 1958இலும் வெளியிட்ட நூல்களில், லோசனின் காலத்து எழுத்திலே சனநாயக உணர்வையும் தேசியப் பண்பையும் கண்டனர். அவர்களின் முடிவை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆயின், அதனுடன் நின்றுவிடவும் இயலாது.

வெடிப்பின் பின்னர் வரும் பகுதியை ஊன்றி வாசித்தல் வேண்டும். குதிரை லாயத்தின் பின்னாலே ஆண்கள் சிலர் சத்தம் வெளிவராமற் சிரிக்க முயன்று நிலத்திற் புரளுகின்றனர். வீட்டிலோ இரண்டு வெள்ளைப் பெண்கள் அதிர்ச்சியால் அலறுகின்றனர். தவறணைக்காரன் தன் மனைவியை இறுகப் பிடித்து, தன் பொருட்டு அமைதியடையுமாறு கெஞ்சும் அதே மூச்சில், தவறினால் அடித்து நொறுக்குவதாகவும் மிரட்டுகின்றான். கலப்பினத்தவர் ஒருவர் குளிர்ந்த நீர் அள்ளிய பாத்திரத்துடன் செய்வதறியாது அங்குமிங்கும் ஓடுகின்றார். அவருக்குப் பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் கூறப்படவில்லை. கலப்பினத்தவரெனக் குறிக்க லோசன் வழங்கும் சொல் அக்கால இனப்பாகுபாட்டின் சொல்லாகும். நாய்க்கும் பெயர் உள்ள கதையில் ஆதிக்குடிகளின் வழிவந்த ஒரேயொருவருக்குப் பெயர் இல்லை என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால், பொருளற்றதன்று.

இச்சிறு காட்சி 1901ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சமூக வரைபடமாகவே அமைந்துவிடுகின்றது. லாயத்தின் பின்னால் சிரிப்போரே தேசம். பெண்கள் வீட்டுக்குள் இருக்கின்றனர். வீட்டு வன்முறையும் நகைப்புக்குரிய வசனமாகின்றது. ஆதிக்குடிகளின் வழிவந்தவர் பணிவிடைக்கு மட்டும் உரியவராகின்றார். அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு, ஆதிக்குடிகளை மக்கட்தொகையிற் கணக்கிடலாகாதெனக் கூறிற்று. 1967ஆம் ஆண்டுக் குடியொப்பத்தின் பின்னரே அது நீக்கப்பட்டது. குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1901இலேயே நிறைவேறியது. ‘புலெற்றின்’ 1908 முதல் தன் முகப்பிலே அவுஸ்திரேலியா வெள்ளையருக்கே எனப் பொறித்து, 1960 வரை அதனைத் தாங்கி வந்தது. தோழமையின் சமத்துவம் இவ்வெல்லைகளுக்குள் இயங்கிய சமத்துவமாகும். ‘புஷ்’ தொன்மத்தின் ஆண்மையச் சார்பை 1986இல் மறிலின் லேக் விரிவாக எடுத்துக்காட்டினார்.

சிரிப்பின் கொடுமையும் கதையில் மறைக்கப்படவில்லை. மஞ்சள் நாய் அயலார் யாவராலும் வெறுக்கப்பட்டது. அதன் சாவு நீதியெனவே வாசகருக்குப் படுகின்றது. வெடியால் அரண்டுபோன ஒற்றைக்கண் நாயொன்றை, அதன் குருட்டுப் பக்கமாக அணுகித் துப்பாக்கி மருந்தின் மணத்தைக் காட்டி வெருட்டுவது பின்னர் அவ்வூராரின் பொழுதுபோக்காகின்றது. குழுவினுள் ஒருவரையொருவர் சமப்படுத்தும் சிரிப்பு, குழுவுக்கு வெளியே நிற்பதன் மீது பாயும்போது தன்மை மாறிவிடுகின்றது. டேவிடம் மீன்பிடி பற்றி ஆண்டுக்கணக்காக விசாரிக்கும் வழிப்போக்கரின் கேலி அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்கும் கேலி. ஒற்றைக்கண் நாய்க்கு அத்தகைய ஏற்பு இல்லை.

அவ்வாறாயின் லோசனை நிராகரிப்பதா? அது எளிய வழி. ஆனால், திறனாய்வின் வழியன்று. பெண்களின் துயரை லோசன் அறியாதவரல்லர். 1888 முதல் ‘டோன்’ என்னும் பெண்கள் இதழை நடத்திய லூயிசா லோசன் அவருடைய தாயார். 1892இல் வெளிவந்த ‘மந்தை ஓட்டுவோனின் மனைவி’ தனித்து வாழும் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டது. நாம் ஆராயும் கதையிலும், ‘புஷ்’ தொன்மத்தைப் பின்னாளிற் கட்டியெழுப்பியோர் காணாது விட்டவர்களை அவர் சட்டகத்தினுள்ளேயே நிறுத்தியுள்ளார். அவர் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால், கண்டதை மறைக்கவுமில்லை. படைப்பாளியின் பிரக்ஞைபூர்வமான நோக்குக்கும் படைப்பு காட்டும் உண்மைக்கும் இடையேயான இவ்விடைவெளியே யதார்த்த இலக்கியத்தின் பயன்.

தேசிய இலக்கியம் பற்றி 1960களில் விவாதித்த ஈழத்து வாசகருக்கு இவ்வனுபவம் அந்நியமானதன்று. மக்கள் இலக்கியம் என நாம் ஒன்றைப் போற்றுமிடத்து, அதிலே மக்கள் எனக் கொள்ளப்பட்டோர் யாவர், கொள்ளப்படாதோர் யாவர் எனக் கேட்பதும் முற்போக்குத் திறனாய்வின் கடமையாகின்றது. ஆதிக்குடியைச் சேர்ந்த கலைஞரான லீயா பேர்செல், ‘மந்தை ஓட்டுவோனின் மனைவி’யைத் தம் மக்களின் நோக்கிலிருந்து மீள எழுதி 2016இல் மேடையேற்றினார். லோசனின் கதையிலே நீர்ப்பாத்திரத்துடன் பெயரின்றி ஓடியவரின் சந்ததியார் இன்று அதே மரபைக் கையிலெடுத்துப் பேசுகின்றனர் என்றே இதனை நாம் கொள்கின்றோம்.